குறையேடு: நூலின் வல்லமை பற்றிச் சோழநாடு சொல்லிவந்த கதைகள்

சரஸ்வதி பூசையன்று தஞ்சை வட்டாரத்து வீடுகளில் புத்தகம் படிக்கக் கூடாது. பாடப் புத்தகம், கணக்கு நோட்டு, பஞ்சாங்கம், பாட்டியின் சுந்தரகாண்டம் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் தொடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பூந்தோட்டத்தை அடுத்து, ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் கூத்தனூரில் கலைமகளுக்கென்றே தனிக்கோயில் இருக்கிறது. தேர்வு நெருங்கினால் பேனாவையும் நோட்டையும் அவள் காலடியில் வைத்து வாங்கிவர மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். புத்தகத்துக்கு ஏதோ ஒரு வல்லமை உண்டு என்று நம்புகிற சீமை இது. அந்த வல்லமைக்கு விழா எடுக்கிற நாளில் மட்டும் புத்தகத்தைத் திறப்பதில்லை.

அப்படியானால் அந்த வல்லமை எங்கே இருக்கிறது? ஓலையிலா, அதில் கீறிய எழுத்திலா, படிக்கிறவரிடத்திலா, பூச்சி அரிக்காமல் காத்து வைக்கிறவரிடத்திலா?

காவிரிப் படுகையில் கோடை என்பது கைக்கு வேலை குறைந்த பருவம். சம்பாவை அறுத்து, அந்த ஈரத்திலேயே விதைத்த உளுந்தையும் பயறையும் பறித்துவிட்டால் வயல் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து சேரும்வரை வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதற்கும் பள்ளிக்கூட விடுமுறைக்கும் ஏற்ற காலம் அது. இந்தக் கோடையை நான் ஒரே வகை நூல்களுக்கு ஒதுக்கினேன். நூல்களைப் பற்றிய நூல்கள்: ஒரு புத்தகம் யாரையோ மாற்றியதாக, காப்பாற்றியதாக, கெடுத்ததாகச் சொல்லும் புராணங்கள், தன்வரலாறு, நாவல். பெரும்பாலும் பழைய தஞ்சை மாவட்டத்து எல்லைக்குள் நின்றேன். தேவைப்பட்ட இடத்தில் மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கடலுக்கு அப்பாலும் போனேன். படித்தவற்றைத் தொகுத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

எரியாத ஏடு

முதலில் வருவது ஏடு தானே செயல்படும் கதை. சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர் மதுரையில் சமணரோடு வாதிட்டபோது இரு தரப்பாரும் தம் ஏடுகளைத் தீயில் இட்டார்கள் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் தேர்ந்தெடுத்த ஏட்டில் இருந்தது காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றின் மீது அவர் பாடிய பதிகம். அது கருகாமல் பசுமையாகவே இருந்ததால் பச்சைப் பதிகம் என்று பெயர் பெற்றது. பிறகு வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறித் திருவேடகத்தில் ஒதுங்கியது.

இந்தக் கதையில் யாரும் எதையும் படிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டின் பொருள் விவாதிக்கப்படவில்லை. தீர்ப்புச் சொல்வது தீயும் தண்ணீரும். நூலின் வல்லமை இங்கே பொருளின் வல்லமை, தாயத்தைப் போல. எதிர்த்தரப்பு ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பதும் தீர்ப்புக்குப் பொருட்டில்லை. கூத்தனூரில் நோட்டை வைத்து எடுக்கும் பிள்ளையின் நம்பிக்கைக்கு மூலம் இந்த வகைக் கதைகளில் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான கருத்தும் தமிழில் பழமையானதே. நன்னூலின் பாயிரம் நூல் என்ற சொல்லையே இரண்டு தொழில்களைக் கொண்டு விளக்குகிறது. ஒன்று பஞ்சை இழையாக்கி நூற்பவரின் கைவேலை. மற்றது மரத்தின் கோணலைக் காட்டித் தரும் தச்சனின் நூல். தச்சன் கையில் நூல் மரத்தை அறுக்காது. எங்கே அறுக்க வேண்டும் என்று காட்டும். அறுப்பது ரம்பமும் தச்சனின் தோளும்தான். நூல் மனக்கோணலை நீக்கும் என்று நன்னூலாசிரியர் பவணந்தி சொல்லும்போது அந்தத் தச்சனும் உடன் நிற்கிறான். இந்த இரண்டு எண்ணங்களுக்கு இடையில்தான் பின்வந்த கதைகள் எல்லாம் ஊசலாடுகின்றன.

பாதி கிடைத்தவை

சோழநாட்டில் நூலைப் பற்றி அதிகம் சொல்லப்பட்ட கதைகளில் நூல் முழுதாகக் கிடைப்பதில்லை.

காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாள் சன்னிதியில் சில யாத்திரிகர் ஒரு பதிகத்தைப் பாடுகிறார்கள். குடந்தை ஆராவமுதனைப் பற்றிய நம்மாழ்வார் பாசுரங்கள் அவை. முடிவில் இவை ஆயிரத்துள் பத்து என்ற குறிப்பு வருகிறது. கேட்டுக்கொண்டிருந்த நாதமுனிகளுக்கு அந்தப் பத்தில் மனம் நிற்கவில்லை. மிச்சம் எங்கே என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. கும்பகோணம் போனார், கிடைக்கவில்லை. நம்மாழ்வாரின் குருகூருக்கே போய், மதுரகவியாழ்வாரின் பாசுரங்களைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதி, கடைசியில் ஆயிரத்துக்குப் பதில் நாலாயிரம் பெற்று மீண்டார் என்பது வைணவ மரபு.

சைவத்தில் இதே கதை வேறு சாயலில் இருக்கிறது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ அரசன் ஒருவன் தில்லையில் பூட்டிய அறையைத் திறக்கிறான். அவனை முதலாம் இராசராசன் என்று பொதுவாகக் கருதுவார்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்று தீட்சிதர்கள் சொல்ல, அரசன் அவர்களுடைய திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து திறக்கிறான். உள்ளே புற்று, ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டது. அரசன் கலங்கியபோது, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தோம் என்று அசரீரி கேட்டதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. எஞ்சிய பாட்டுக்கும் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண் அமைத்துக் கொடுத்த பிறகே ஏடு பாட்டாயிற்று.

அசரீரியை ஆறுதலுக்கான கதை என்று ஒதுக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அப்படியில்லை. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இருவரையும் இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் கூலி. செல்லரிக்கிற ஓலையை நம்பாமல் ஐம்பது பேரின் தொண்டையிலும் கையிலும் நூலைச் சேமித்து, அவர்களுக்கு நெல் அளந்தது ஓர் அரசு. நூலின் வல்லமைக்கு இந்த மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய வரவு செலவுக் கணக்குகளில் இது ஒன்று.

பாண்டிநாட்டில் இறையனார் களவியல் பிறந்த கதையும் இந்த வரிசையில் சேரும். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் முடிந்து புலவர்களைத் திரும்ப அழைத்தபோது எழுத்தும் சொல்லும் வல்லவர் வந்தார்கள். பொருளதிகாரம் வல்லவர் யாரும் இல்லை. அரசன் கவன்றான். ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தந்தான். அதற்கு எழுந்த உரைகளில் எது மெய்யுரை என்று சொல்ல ஊமைப் பிள்ளை உருத்திரசன்மனை உட்கார வைத்தார்கள். நக்கீரர் உரை கேட்டபோது அவன் சொல்தோறும் கண்ணீர் விட்டான். இங்கே தீ இல்லை, வெள்ளம் இல்லை. கேட்பவனின் கண்ணீர்தான் தீர்ப்பு. எரியாத ஏட்டுக் கதையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!

இந்த மூன்று கதைகளிலும் நூலுக்கு முன்னால் வருவது ஒரு குறை. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு இல்லை; பண் இல்லை; பொருளதிகாரம் இல்லை. அந்தக் குறை ஒருவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

நூலுக்கு எதிர் நூல்

பெரியபுராணம் எழுதப்பட்டதற்கு உமாபதி சிவாசாரியார் தரும் காரணம் விசித்திரமானது. அநபாய சோழன், அதாவது 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் குலோத்துங்கன், சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான். எட்டுப் பெண்களை மணந்து கடைசியில் துறவு பூணும் சீவகனின் கதை அது. திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடியது. அமைச்சர் சேக்கிழாருக்கு இது பொறுக்கவில்லை. நூலைத் தடைசெய்யச் சொல்லவில்லை. பறித்து எரிக்கவும் இல்லை. அதைவிட நல்ல கதை இருக்கிறது என்று சொல்லி, அடியார்களின் வரலாற்றைப் பெருங்காப்பியமாகப் பாடினார். தில்லையில் அரங்கேற்றம் நடந்தது. அரசன் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி வலம் வரச் செய்தான்.

ஒரு புத்தகத்தின் பிடியிலிருந்து மனிதனை விடுவிக்க இன்னொரு புத்தகம் வேண்டும் என்று நம்பிய அமைச்சர் அவர். நூலின் வல்லமைக்கு இதைவிட மரியாதையான ஒப்புதல் வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் எதிர்நூலும் குறையில்லாமல் பிறப்பதில்லை. ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்த திருநாளைப்போவார் என்ற நந்தனாரின் வரலாற்றைச் சேக்கிழார் சொல்லும்போது, தில்லைக்குப் போக முடியாமல் அவர் நாளை நாளை என்று தள்ளியதை மட்டும் சொல்கிறார். யார் தடுத்தார்கள், எந்த வயலில் வேலை, யாருக்கு அடிமை என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. அந்த இடைவெளியில்தான் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கால் வைத்தார். மாயூரத்துப் பக்கம் வாழ்ந்த அவருக்குப் பண்ணையும் ஆளும் கண்முன் இருந்தன. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் ஒரு வேதியர் வந்தார். நிலக்காரர், நந்தனின் ஆண்டை. மூலத்தில் இல்லாத அந்த ஆண்டையே கீர்த்தனைக்கு உயிராகிப்போனார். இலக்கணப் பிழை மலிந்த பாட்டு என்று தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதியார் பாடக் கேட்டு உருகிப் பிறகே சிறப்புப்பாயிரம் கொடுத்தார். காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் நூல் அச்சேறியது. சைவக் காப்பியத்தின் ஒரு மௌனம் பண்ணையாள் வாழ்க்கையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது.

கதை அங்கும் முடியவில்லை. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று திராவிட இயக்கத்தார் வாதிட்டபோது, அண்ணா ஒரு பக்கமும் ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மறுபக்கமுமாகச் சென்னையிலும் சேலத்திலும் மேடையில் மோதினார்கள். அண்ணாவின் வாதம் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாக வந்தது. சிந்தாமணியின் மயக்கத்துக்கு மாற்றாகப் பிறந்த பெரியபுராணம், எண்ணூறு ஆண்டு கழித்து மயக்கும் நூல் என்று தானே குற்றவாளிக் கூண்டில் நின்றது. கொளுத்தச் சொன்னவர்களும் காக்க வந்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: நூல் மனிதரை ஆட்டிவைக்கும். அந்த விவாதத்தின் பலனும் ஒரு புத்தகமாகவே நின்றது என்பதைச் சேக்கிழார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஒரே கல்லூரி, இரண்டு புத்தகங்கள்

சேக்கிழார் ஒதுக்க நினைத்த அதே சிந்தாமணிதான் நவீன காலத்தில் தமிழின் பழைய நூல்கள் அனைத்துக்கும் கதவைத் திறந்தது. அதைச் செய்தவர் திருவாவடுதுறை மடத்தில் வளர்ந்த மாணவர்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று ஐயர் நீளமாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை, புத்தகம் கிடைத்ததே இல்லை.

அவரது ‘என் சரித்திரம்’ நூலின் திருப்பம் இந்தக் கேள்வி. இதுவரை படித்ததெல்லாம் போதும் என்றிருந்த ஒரு வித்துவானின் நிறைவில் விழுந்த ஓட்டை. பிறகு முதலியார் தந்த பிரதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த அதிர்ச்சி: சமணக் கொள்கை தெரியாமல் நூலும் புரியவில்லை, நச்சினார்க்கினியர் உரையும் புரியவில்லை. கும்பகோணத்துச் சமணக் குடும்பங்களைத் தேடிப்போய்க் கேட்டார். அவர்கள் வீட்டில் சிந்தாமணி இன்னும் வழிபாட்டோடு படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. திருநீறு பூசிய மடத்து மாணவருக்குச் சமணர் பாடம் சொன்னார்கள். 1887இல் பதிப்பு வந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.

ஏடு தேடும் வேலை பெரும்பாலும் கல்லூரி விடுமுறைகளில் நடந்தது. மாட்டுவண்டி, ரயில், கால்நடை என்று ஊர் ஊராகப் போனார். போன இடங்களில் கேட்ட கதைகள் நெஞ்சைப் பிசைபவை. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகள். கரிவலம்வந்தநல்லூரில் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்ட ஏடுகள். இதை வெறும் அறியாமை என்று சொல்லிவிடக் கூடாது. ஓலை நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சில நூற்றாண்டுக்கு மேல் தாங்காது. படியெடுத்துவிட்டு நைந்த ஏட்டை ஆற்றுக்கும் தீக்கும் கொடுப்பதில் ஒரு முறைமை இருந்தது. படியெடுக்கிறவர் இல்லாமற்போன பிறகு கொடுப்பது மட்டும் மிஞ்சியது. ஏட்டைப் புனிதம் என்று கருதியவர்களே அதை அழித்தார்கள். பூசைக்குரிய பொருளாக மட்டும் வைத்திருந்தால் நூலுக்கு என்ன கதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிப்போனார். அதே 1903இல் கும்பகோணம் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்று, நண்பர் மூலமாக, சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த ஒரு பள்ளி மாணவனிடம் வந்தது. ஜி.எஸ். கார் என்ற தேர்வுப் பயிற்சி ஆசிரியர் தொகுத்த கணிதச் சுருக்கம். ஆயிரக்கணக்கான தேற்றங்கள், வரிசை எண்ணோடு. நிரூபணம் இல்லை, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்பு. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறவர்களுக்கான கையேடு. பெரிய நூல் என்று யாரும் சொல்லாத அந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு சீனிவாச இராமானுசன் ஒவ்வொரு தேற்றத்தையும் தானே நிறுவத் தொடங்கினார். அந்தப் பழக்கம் புதிய தேற்றங்களுக்குக் கொண்டுபோய் விட்டது.

நிரூபணங்களோடு கூடிய முழுமையான பாடநூல் கிடைத்திருந்தால் இராமானுசன் வேறொரு இராமானுசனாக ஆகியிருக்கலாம். காரின் புத்தகத்தில் இல்லாதது எதுவோ அதுவே அவரை வேலை வாங்கியது. இதற்கு விலையும் இருந்தது. 1904இல் அதே கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர வேறெதையும் தொடாமல் உதவித்தொகையை இழந்தார். புத்தகம் ஆளை உயர்த்தும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

ஒரே கல்லூரி. ஒருவருக்குப் புரியாத காப்பியம். இன்னொருவருக்கு விளக்கமில்லாத கையேடு. இரண்டு புத்தகங்களும் தம்மிடம் இல்லாததைக் கொண்டே இருவரையும் எழுப்பின.

ஏட்டுச் சுரைக்காய்

சந்தேகப்படுகிறவர்களின் தரப்பும் வலுவானது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் ஊரில் படிக்காதவரைவிடப் படித்தவரே அதிகம் சொல்வார்கள். கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில், எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வத்திடம் எகிப்து அரசன் மறுப்புச் சொல்கிறான்: இது நினைவை வளர்க்காது, மறதியை வளர்க்கும், அறிவில்லாமல் அறிந்தவர்போல் நடமாடுவார்கள். 1605இல் செர்வான்டிஸ் படைத்த தோன் கீஹோத்தே வீரக்கதைகளைப் படித்துப் படித்து மூளை காய்ந்து காற்றாலையோடு சண்டைக்குப் போனான்.

தஞ்சை எழுத்தாளர்களில் இந்தச் சந்தேகத்தை ஆழமாகத் தொட்டவர் தி. ஜானகிராமன். 1966இல் வந்த ‘அம்மா வந்தாள்’ நாவலில் காவிரிக்கரை வேதபாடசாலையில் அப்பு பதினாறு வருடம்போல வேதம் படிக்கிறான். அவனை அங்கே அனுப்பியவள் அம்மா அலங்காரம். தன் மீறலை மகன் கற்ற வேதம் கழுவிவிடும் என்பது அவள் கணக்கு. வேறொருவர் படிப்பதால் நமக்கு மீட்சி கிடைக்கும் என்ற இந்த நம்பிக்கையை ஜானகிராமன் கேலி செய்யவில்லை. பரிவோடு பார்த்து, மெல்ல உடையவிடுகிறார். அப்பு இந்து என்ற பெண்ணிடம் திரும்புகிறான். அம்மா காசிக்குப் புறப்படுகிறாள். வேதம் தன் இடத்தில் இருக்கிறது, யாரையும் கழுவவில்லை. பச்சைப் பதிகக் கதைக்கு நவீன இலக்கியம் கொடுத்த பதில் என்று இந்த நாவலைப் படிக்கலாம். நூலை முழுமையான, தானே வேலை செய்யும் மருந்தாக நினைத்தவர் இங்கே ஏமாறுகிறார்.

தீ

எரிப்பவர்களின் நம்பிக்கையும் இதே வகைதான். 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் போயின. தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர்விட்டார். எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ அந்த இரவைப் பற்றிய கவிதை. அதற்கு முன் 1953இல் அமெரிக்கரான ரே பிராட்பரி, புத்தகங்களை எரிப்பதே தீயணைப்பு வீரர் வேலையாகிவிட்ட எதிர்காலத்தைப் ‘பாரன்ஹீட் 451’ நாவலில் எழுதியிருந்தார். அதன் முடிவில் காட்டுக்குள் ஒதுங்கியவர்கள் ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமந்து திரிகிறார்கள். பெரிய கோயிலின் 48 பேரை அறிந்த தஞ்சைக்காரருக்கு அந்த முடிவு புதிதாகத் தோன்றாது.

நூலகம் திரும்பக் கட்டப்பட்டது. பல சுவடிகளுக்கு வேறு படி கிடையாது. எரித்த பிறகு மிஞ்சுவது வெற்றிடம் என்று எரித்தவர்கள் எண்ணினார்கள். ஈழத்தமிழர் அந்த வெற்றிடத்தை நோக்கி நாற்பது ஆண்டுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். குறை என்பது ஆக்கத்துக்கு வித்து என்று நான் மேலே சொல்லிவந்ததை இங்கே அப்படியே போட்டுப் பார்க்கக் கூசுகிறது. செல்லரித்த குறை வேறு. திட்டமிட்டு உண்டாக்கிய குறை வேறு. இரண்டாவதிலிருந்து எழுதப்படும் எதுவும் இழப்புக்கு ஈடாகாது.

கடைமடை

இதுவரை சொன்ன கதைகளில் வருகிறவர்கள் எல்லாம் எப்படியோ ஏட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். பக்கத்தில் விடப்படாதவர்களின் கணக்கு தனி. டெல்டாவில் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது முதல் கேள்வி கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். அணையில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்கப்புறம். நூலுக்கும் அந்தக் கேள்வியைப் போடலாம்.

அணை பெரியதாகவே இருந்தது. தஞ்சை அரண்மனையில் நாயக்கர் காலத்தில் உருவான நூற்களஞ்சியத்தை, 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி பெருக்கினார். காசி யாத்திரையிலிருந்து சுவடிகளைக் கொண்டுவந்தார். ஐரோப்பிய நூல்களை வரவழைத்தார். இன்று சரஸ்வதி மகாலில் ஏறத்தாழ 49,000 சுவடிகள் இருக்கின்றன, பெரும்பகுதி சமஸ்கிருதம். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றின் தூளோடு கற்பூரம் சேர்த்துச் சிறு முடிப்பாகக் கட்டிப் பூச்சியிலிருந்து காத்தார்கள். ஆனால் பொதுமக்களுக்கு அது திறந்தது 1918 அக்டோபரில். அதுவரை மன்னர் வீட்டுச் சொத்து.

மதகைத் திறக்க வழி சொன்னவர் சம்பந்தர் பிறந்த அதே சீர்காழியைச் சேர்ந்தவர் என்பது இனிய தற்செயல். 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதின் சாரம் புத்தகம் பயன்பாட்டுக்கே உரியது என்பது. பூட்டிய அலமாரிக்கு எதிரான விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் எங்கோ இருக்கிறார் என்பது இன்னொன்று. சம்பந்தர் கதையில் ஏடு தானே வெள்ளத்தில் எதிரேறிப் போனது. இரங்கநாதன் கணக்கில் நூல் தானாக எங்கும் போகாது. கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆளும் தஞ்சை மாவட்டத்திலேயே கிடைத்தார். அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வைக்கோலும் நெல்மூட்டையும் ஏற்றும் வண்டி நூலகமாகிப்போனது. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வாங்கும் முறை அதனால் வந்தது. இராசராசன் நெல்லாக அளந்ததை நாம் வரியாக அளக்கிறோம். கிளை நூலகங்களில் பூட்டும் தூசியும் கண்டால் கோபம் வரவேண்டியது அதனால்தான். அது நம் நெல்.

பாய்ச்சல் வந்த பிறகும் வாய்க்கால் எல்லார் வயலுக்கும் ஒன்றுபோல் ஓடவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் மேடையில் பாடினான். அவன் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத் திண்ணை ஏற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. நூலின் வல்லமை பற்றி நம்மிடம் உள்ள இலக்கியம் பெரும்பாலும் ஏட்டைத் தொட உரிமை இருந்தவர்கள் எழுதியது. அந்த இலக்கியத்தின் பெரிய குறை இதுதான். அதைக் கண்டு எழும்பப் போகிறவர்களின் நூல்களே அடுத்த தொகுதி.

மறுநாள்

தொகுத்துப் பார்த்தால் மூன்று தரப்புகள் தெரிகின்றன. நூல் தானே வல்லது என்பவர் ஒருபுறம். அவர்களில் பூசிப்பவரும் எரிப்பவரும் அடக்கம். நூல் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்பவர் மறுபுறம். இரண்டுக்கும் நடுவில் நாதமுனிகள், பண் அமைத்த அந்தப் பெண், கோபாலகிருஷ்ண பாரதியார், சாமிநாதையர், இராமானுசன். இந்த மூன்றாம் தரப்பாருக்குக் கிடைத்த நூல் ஒவ்வொன்றும் குறையேடு. பத்துப் பாட்டு, பண் இழந்த பதிகம், ஆண்டை இல்லாத கதை, புரியாத காப்பியம், நிரூபணம் இல்லாத கையேடு. என் கோடை வாசிப்பு என்னைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் இது: நூல் நம்மிடம் எதைக் கேட்கிறதோ அதில்தான் அதன் வல்லமை. எல்லாம் இதில் இருக்கிறது என்று நினைத்து மூடி வைத்த புத்தகம் யாரையும் ஒன்றும் செய்ததாக இந்தக் கதைகளில் நான் காணவில்லை.

அப்படியானால் சரஸ்வதி பூசை வழக்கம் தவறா? பாதிதான் சொன்னேன். மறுநாள் விடியற்காலை குளித்துவிட்டு, அடுக்கைக் கலைத்து, ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் பூசை முடிந்ததாகக் கணக்கில்லை என்பார் பாட்டி. நேற்று மூடிக் கிடந்ததால் இன்று அதைத் திறக்கக் கை பரபரக்கும். சின்ன வயதில் நான் எடுத்தது கணக்குப் புத்தகம். சந்தனம் ஒட்டி இரண்டு பக்கம் பிரியாமல் போனது. நடுவில் என்ன கணக்கு இருந்தது என்று வாத்தியாரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.